சம்மாட்டியார் மறுமொழி சொல்வதில்லை

நான் ஓய்வு பெற்றபின் ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு வந்திருக்கும் தாதி மிஸ்ஸி போன கிழமை போன் எடுத்தார். முதியோர் விழாவுக்கு மலர் ஒன்று அச்சடிக்கிறார்களாம். சேர்ந்து பாடுவதால் வயது போனவர்களுக்கு உண்டாகும் நன்மைகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் பாட்டுக் குழுவைத் தொடக்கியது நான்தான் என்று எல்லாரும் சொல்கிறார்களாம். எல்லாரும் சொன்னால் சரி. உண்மையில் அதைத் தொடக்கிய கூட்டத்துக்கு நான் போகவேயில்லை. அன்றைக்கு எனக்குப் பல்வலி, லீவு போட்டுவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். கூட்டத்துக்கு வராத ஆளின் தலையில் பொறுப்பைக் கட்டுவதுதான் அரசாங்க வேலையில் வழக்கம். மறுநாள் போனபோது நான் ஒரு பாடகர் குழுவின் தலைவியாக இருந்தேன்.

நன்மைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்டவருக்கு அதுதானே தேவை. மூச்சு நீளும். பசி எடுக்கும். இரவில் நித்திரை வரும். கிழமையில் ஒரு நாளாவது முகம் கழுவி, தலை வாரி, நல்ல உடுப்புப் போட்டு வீட்டை விட்டு வெளிக்கிட ஒரு காரணம் கிடைக்கும். ஊரில் யார் யாரோடு கோபம் என்ற விபரம் நேரத்துக்கு வந்து சேரும். இருமல் குறையும், வாய் கூடும். இவ்வளவும் நான் கண்ணால் கண்டது. மலருக்கு இது காணும். மிச்சத்தை எனக்காக எழுதுகிறேன்.

நான் தாதிப் பயிற்சி பெற்றது யாழ்ப்பாணத்தில். கட்டில் விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது, மேட்ரனைக் கண்டால் எந்தச் சுவரோடு ஒட்டிக்கொள்வது என்ற இரண்டையும் அங்கே நன்றாகப் படித்தேன். பிறகு வன்னியில் கூரையுள்ள ஆஸ்பத்திரி, கூரையில்லாத ஆஸ்பத்திரி, தறப்பாள் மட்டும் உள்ள ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றிலும் வேலை செய்தேன். அந்தக் கதையை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சண்டை முடிந்து ஊர் திரும்பியபின், முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நெஞ்சு வருத்தக்காரரின் கிளினிக்கை என்னிடம் தந்தார்கள். இத்தனை வருசத்தில் பாட்டு மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் குரலைப் பற்றி என்னைப் பெற்றவரே ஒரு நல்ல வார்த்தை சொன்னது கிடையாது.

எங்கள் டொக்டர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் உத்தரவு போடுவதில்லை, யோசிக்கச் சொல்வார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தபடி, "நான் செய்யச் சொல்லேல்லை மிஸ்ஸி, யோசிச்சுப் பாருங்கோ எண்டுதான் சொல்லுறன்" என்பார். கண்ணாடி திரும்ப மூக்கில் ஏறுவதற்குள் நாங்கள் யோசித்து முடித்து ஓம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இன்னொரு தரம் துடைப்பார். அவரோடு வேலை செய்த காலத்தில் நான் யோசித்த யோசனைகளுக்கு அளவில்லை, அவற்றில் ஒன்றுகூட என்னுடையதில்லை.

கிளினிக்குக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலில் தொழில் செய்த கிழவர்கள். சுருட்டுக் குடித்துக் குடித்து நெஞ்சு புகைக்கூண்டாகிப் போனவர்கள். மற்றவர்கள் விறகடுப்புக்கு முன்னால் காலத்தைக் கழித்த பெண்கள். எல்லாருக்கும் முட்டு வருத்தம், நாலடி நடந்தால் இழுக்கும். வாய்க்குள் மருந்து அடிக்கும் பம்ப் கொடுப்போம், வாயைக் குவித்து மெதுவாக ஊதிவிடும் பயிற்சியும் சொல்லிக் கொடுப்போம். பம்பை வாங்கிக்கொள்வார்கள். ஊதுவதற்கு நாங்கள் என்ன அடுப்புக்கு முன்னாலேயா இருக்கிறோம் என்று கேட்டுவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். பாடும்போது தெரியாமலே அதே பயிற்சி நடந்துவிடும், வருத்தம் மாறாது, ஆனால் இருக்கிற மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகுவார்கள் என்பது டொக்டரின் எண்ணம். அவர் எண்ணியதை நான் யோசித்தேன்.

சனிக்கிழமை பின்னேரம், வெளிநோயாளர் மண்டபத்தில் கூடுவோம். முதலில் பிரஷர் பார்ப்பேன். பிறகு ஒவ்வொருவரையும் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று எண்ணச் சொல்வேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவரைப் பாட விடமாட்டேன். ஒரு மிடறு சுடுதண்ணீர். தோளைக் கீழே விட்டு, காலை அகட்டி, நெஞ்சால் இழுக்காமல் வயிற்றால் மூச்சு எடுக்க வேண்டும். தலை சுற்றுகிறவர் வாங்குப் பலகையில் இருந்துகொள்ளலாம். முடிவில் பாலும் சீனியும் போடாத பிளேன்ரீ. பெண்கள் சேலைத் தலைப்பில் பனங்கட்டி முடிந்துகொண்டு வருவது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

பாட்டுச் சொல்லிக்கொடுக்க, கோயிலில் கீபோட் வாசிக்கும் ஓர் ஆசிரியரைப் பிடித்தோம். நல்ல மனுசன். ஆனால் எங்கள் ஆட்கள் வருசம் முழுக்கச் சேர்ந்து மனதாரப் பாடுவது தவக்காலத்தில், ஆண்டவருடைய பாடுகளை நினைத்து. அந்த ராகம் அவர்களுடைய தொண்டைக்குள் குடியிருந்தது. அவர் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் மூன்றாம் அடியில் பெரிய வெள்ளிக்கிழமை வந்துவிடும். ஒருநாள் சந்தோசமாக ஏதாவது பாடுவோம் என்று பிறந்தநாள் வாழ்த்துக் கொடுத்தார். பிறந்தவருக்காக மண்டபமே அழுதது. ஊசி போட வந்திருந்த ஒரு பெண், உள்ளே யார் செத்தது என்று வந்து கேட்டார். கீபோட் ஆசிரியருக்கு அடுத்த கிழமை வேறு வேலை வந்துவிட்டது.

வழியைக் காட்டியது மரியதாஸ் என்ற கிழவர். கரைவலை இழுக்கும்போது பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஒருவர் ஓர் அடியைச் சொல்வார், கயிறு பிடித்திருக்கும் மற்றவர்கள் 'ஏலேலோ' என்று மறுமொழி சொல்லி இழுப்பார்கள். இப்போது வலையை உழவு இயந்திரம் இழுக்கிறது, அதற்குப் பாட்டுத் தேவையில்லை. மரியதாஸ் தன் காலத்தில் அடி சொல்வதில் பேர் எடுத்தவர். அவர் ஒரு சனிக்கிழமை சும்மா ஓர் அடியை எடுத்துவிட, மண்டபம் முழுக்கச் சேர்ந்து மறுமொழி சொன்னது. அழுகை இல்லை. ஆனால் கைகளை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கயிறு இல்லாமல் அம்பா வராது என்று விட்டார்கள்.

மறுகிழமை ஒரு தும்புக் கயிற்றை யன்னல் கம்பியில் கட்டினேன். கிழவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்து பாடினார்கள். வாழ்நாள் முழுக்கக் கரையில் மீன் பொறுக்கிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டிருந்த பெண்களும் எட்டிப் பிடித்தார்கள், முதல்முதலாகக் கயிறு பிடிக்கிற சந்தோசப் புழுகத்தில் ஆண்களை விட உரத்துப் பாடினார்கள். யன்னல் கம்பி வளைந்தது. அதைத் திருத்தக் கேட்டு நான் எழுதிய விண்ணப்பத்தில் காரணம் 'பாட்டு' என்று இருந்ததால் அது இன்னும் திரும்பி வரவில்லை.

இனிச் சம்மாட்டியார். சம்மாட்டி என்றால் வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர். அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டியாருக்கு ஒரு காலத்தில் பெரிய வலை இருந்தது. மரியதாஸ் உட்பட எங்கள் குழுக் கிழவர்கள் பாதிப் பேர் அவருடைய கயிற்றை இழுத்தவர்கள். சண்டையோடு வலையும் போய், தோணியும் போய், பிறகு மனைவியும் போய், கடலைப் பார்த்தபடி ஒரு வீட்டில் தனியே இருந்தார். மிஞ்சியது சம்மாட்டி என்ற பெயரும் சுருட்டு வருத்தமும். கிளினிக்கில் ஆகக் கெட்ட நெஞ்சு அவருடையதுதான். வாசலில் இருந்து வாங்குக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். யாராவது கை கொடுத்தால் முறைப்பார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாருக்கும் முதல் வந்துவிடுவார். வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை. வாங்கில் இருக்க மாட்டார், வாசல் பக்கம் தனக்கென்று ஒரு கதிரை போடச் சொல்வார். அதில் இருந்து, வாய் திறக்காமல், மற்றவர்கள் பாடுவதைக் கடைசி வரை பார்ப்பார். நீங்களும் பாடினால்தான் சுகம் என்று நான் சொன்னபோது, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மிஸ்ஸி, கயிறு பிடிக்கிறவன்தான் மறுமொழி சொல்லுறது. சம்மாட்டி கரையிலை நிக்கிறது. என்ரை அப்புவும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை."

சரி, அடி சொல்லுங்கள், மற்றவர்கள் மறுமொழி சொல்லட்டும் என்றேன். அடி சொல்வதும் கூலிக்காரன் வேலைதானாம். பாடத் தேவையான நெஞ்சுகள் எல்லாம் மூடிக்கொண்டும், தேவையில்லாத தொண்டைகள் எல்லாம் திறந்துகொண்டும் இருப்பதுதான் என் உத்தியோக வாழ்க்கையில் நான் கண்டது. டொக்டரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். நான் வந்த வழியே திரும்பினேன்.

ஒரு சனிக்கிழமை, பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு மரியதாஸ் செட்டிகுளம் போய்விட்டார். அடி சொல்ல ஆள் இல்லை. நீ சொல், நான் சொல்லமாட்டேன், உனக்குத்தான் தொண்டை நல்லது என்று கயிற்றை வைத்துக்கொண்டு எல்லாரும் முணுமுணுத்தார்கள். சம்மாட்டியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்தபடியே வெடித்தார், ஒருத்தன் இல்லையென்றால் ஒரு கரையே செத்துப் போச்சோ என்று. அதைச் சொல்லி முடித்து அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், பின்னால் நின்ற ஒரு கிழவர், பழக்கதோசத்தில், 'ஏலேலோ' என்றார்.

சம்மாட்டியார் திரும்பி முறைத்தார். சிரிக்கிறாயோ என்றார். இந்தத் தரம் மண்டபமே 'ஏலேலோ' என்றது. பிடித்த கயிற்றை விட்டுவிட்டு வாய் பார்க்கிறீர்கள் என்றார். ஏலேலோ. தின்னத் தெரியும் இழுக்கத் தெரியாது என்றார். ஏலேலோ. அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அங்கே நின்ற ஒவ்வொருவரையும், அவர்களுடைய தகப்பன்மாரையும், எந்தக் காலத்திலோ அறுந்துபோன வலையையும் எடுத்து வைத்து ஏசினார். ஒவ்வொரு ஏச்சுக்கும் மறுமொழி வந்தது, ஒவ்வொரு மறுமொழிக்குள்ளும் அவர் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். நாலடி நடக்க முடியாத மனுசன், தேநீர் கொதித்து வடிக்கும் வரைக்கும் ஏசினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் நிறைந்துபோனது.

டொக்டர் யன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "உவருக்குக் கிழமைக்கு ஒருக்கால் கோவம் வர என்ன செய்யலாம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ மிஸ்ஸி."

அந்த யோசனைக்கு மட்டும் எனக்கு உதவி தேவைப்படவில்லை. பெண்கள் பொறுப்பெடுத்தார்கள். ஒரு கிழமை கதிரையை மாற்றி வைப்பார்கள். ஒரு கிழமை கயிற்றில் வேண்டுமென்று பிழையான முடிச்சுப் போடுவார்கள். சம்மாட்டியார் ஏசுவார், மண்டபம் மறுமொழி சொல்லும். வாசலில் இருந்து கதிரைக்கு ஒரே வீச்சில் வரத் தொடங்கினார். மரியதாஸ் வந்து அடி சொல்லத் தொடங்கியதும் வாயை மூடிவிடுவார், அது வேறு கதை.

மாரி வந்தது. கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து ஒரு நாள் அவரைக் கட்டிலில் போட்டுவிட்டன. வார்ட்டில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தார், உதடு நீலம். வவுனியாவில் கட்டிக் கொடுத்திருந்த ஒரே மகள் ஜெசிந்தா ஓடி வந்தார். ஐயாவை இனி இங்கே தனியே விட மாட்டேன், வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அழுதார். அவர் சொன்னதில் பிழை இல்லை. மகள் மருந்து வாங்கப் போன நேரம் சம்மாட்டியார் குழாயைக் கொஞ்சம் விலக்கி என்னைக் கூப்பிட்டார்.

"அங்கை போனால் நான் ஆரை ஏசுறது, மிஸ்ஸி?"

நான் போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். எத்தனையோ பேரின் கடைசி வார்த்தையைக் கேட்டுக் கலங்காத எனக்கு அன்றைக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒரு தவணை தரும்படி டொக்டர் மகளிடம் பேசினார். ஜெசிந்தா ஆசிரியை, தவணை கொடுத்தார், நிபந்தனையும் வைத்தார். ஐயா மற்றவர்களைப் போலப் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய வேண்டும். உயிர்த்த ஞாயிறு கழிந்து வரும் சனிக்கிழமை சாமான் ஏற்ற ஒரு வானும் பிடித்துக்கொண்டு வருவேன். கதிரையில் சும்மா இருந்தால் அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். அதோடு, ஏசும்போது பிரஷர் ஏறுகிறது என்று கண்டதால், ஏசுவதை டொக்டர் முதல்முறையாக உத்தரவே போட்டுத் தடை செய்துவிட்டார். பாடலாம், ஏசக் கூடாது. அதாவது, மரியதாஸ் அடி சொல்ல, சம்மாட்டியார் மறுமொழி சொல்ல வேண்டும். கடலை விட்டுப் போவதா, கயிறு பிடித்தவனுக்கு மறுமொழி சொல்வதா என்று அவர் தெரிந்தெடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் எதைத் தெரிந்தெடுப்பார் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அயல் வீட்டுக்காரர் அவருடைய கோழிகளை விலை கேட்கத் தொடங்கினார்.

நான் என்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தேன். கெஞ்சினேன், வெருட்டினேன். பின்வரிசையில் இருந்து வாயை மட்டும் அசையுங்கள், மகள் தூரத்தில் நின்று பார்த்தால் போதும் என்று கள்ளவழியும் சொல்லிக் கொடுத்தேன். பாடாத பாட்டுக்கு வாய் அசைக்கிறவன் வேறு என்னவும் செய்வான் என்று விட்டார். மரியதாசிடம் நீர் கொஞ்ச நாள் அடி சொல்லாமல் இரும் என்று கேட்டேன். அவர் உடனே சம்மதித்தார். ஆனால் வேறு யாருக்கும் அடி வரவில்லை, வந்தவர்களுக்கும் சம்மாட்டியார் வாய் திறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வான் நின்றது. அதற்குள்ளே சம்மாட்டியாருடைய பெட்டி, பாய், மனைவியின் படம். ஜெசிந்தா மண்டபக் கதவோடு நின்றார். முகத்தைப் பார்க்க, ஐயா பாடிவிட வேண்டும் என்று என்னை விட அவர்தான் கூடுதலாக மன்றாடுவதுபோல இருந்தது. சம்மாட்டியார் வெள்ளைச் சட்டையோடு கதிரையில். மரியதாஸ் கிழமை முழுக்கக் காய்ச்சலில் கிடந்தவர், வர வேண்டாம் என்று நான் சொல்லியும் வந்திருந்தார். பிரஷரைப் பார்த்துவிட்டு இன்றைக்கு நீர் வாங்கில் இருந்துகொள்ளும் என்றேன். சம்மாட்டியார் போகிற நாளில் நான் எப்படி இருக்கிறது மிஸ்ஸி என்று எழும்பிக் கயிற்றின் முன்பக்கம் போய் நின்றார்.

முதல் நாலைந்து அடிகள் ஒழுங்காகப் போயின. அதற்குப் பிறகு மண்டபத்தின் கண் எல்லாம் கதவடியில் நின்ற ஜெசிந்தா மேல். பெண்கள் அவரைப் பார்ப்பதும் சம்மாட்டியாரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். மறுமொழி தேய்ந்தது. கடைசியில் மரியதாஸ் நீளமாக ஓர் அடியை இழுத்துச் சொல்லி முடித்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பாட்டை விடக் கூடாது என்று அடுத்த அடிக்குப் போனார். பாதியில் குரல் உடைந்தது. இருமல் பிடித்துக்கொண்டது, கயிற்றைப் பிடித்தபடி முன்னுக்குக் குனிந்தார். நான் பம்பை எடுக்க மேசைக்கு ஓடினேன்.

எனக்குப் பின்னால் ஒரு குரல் 'ஏலேலோ' என்றது. கரகரத்த, ராகம் இல்லாத, ஒற்றைக் குரல். திரும்பினேன். சம்மாட்டியார் கதிரையை விட்டு எழும்பி நின்றார். மரியதாசின் முதுகைப் பார்த்தபடி இன்னொரு தரம், இழுத்து, 'ஏலேலோ' என்றார். மரியதாஸ் ஒரு மூச்சு எடுத்தார். சம்மாட்டியார் திரும்பவும் சொன்னார். இன்னொரு மூச்சு. அதற்குள் மற்றவர்களும் வெட்கப்பட்டுச் சேர்ந்துகொண்டார்கள். தன் நெஞ்சுக்காகத் திறக்காத வாய் அது.

இருமல் அடங்கியது. மரியதாஸ் நிமிர்ந்து திரும்பி, மறுமொழி எங்கே இருந்து வந்தது என்று பார்த்தார். பார்த்ததும் கயிறு கையில் இருந்து நழுவியது. அத்தனை வருசம் அந்த மனுசனுக்காக இழுத்தவர், வாயைத் திறக்கிறார், சொல் வரவில்லை, கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. ஜெசிந்தா வெளியே போய் வான்காரனிடம் பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டு வந்து பெண்களுக்குப் பக்கத்தில் நின்றார். சம்மாட்டியார் மெல்ல நடந்து போய், கீழே கிடந்த கயிற்றின் கடைசியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

"மூச்சு எடுத்திட்டாய்தானே மரியதாசு," என்றார். "அடுத்த அடியைச் சொல்லு."